கிளிப்பச்சை வாரத்தில் வந்த சிவப்பு

சாயப்பட்டறையில் கை நனைக்கிற ஆண்கள் உள்ள வீடுகளில் யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டு, இன்று சாயங்காலம் தன் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு பேனாவை மூடிவைத்தவள். கொஞ்ச காலமாக எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி அலைச்சல் இல்லை. மறுபடியும் ஏதாவது வந்து தொலைப்பதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று ஒரு பதைப்பு.

என் அப்பா ராணுவத்தில் இருந்தவர். நாங்கள் அவரை நைனா என்போம், ஊர் அவரை அவுல்தார் என்னும். நெசவுக்காரர் வீட்டில் பிறந்து, தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்காரப் பிடிக்காமல், மீசை சரியாக முளைக்காத வயதில் வேலூருக்கு ஓடிப்போய் ஆளெடுப்பில் நின்றவர். பனிமலையில் கிடந்தார், சண்டை பார்த்தார், பனியில் கால்விரல் ஒன்றை இழந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் பென்ஷனோடும் ஒரு கறுப்புத் தகரப் பெட்டியோடும் சொந்த ஊரான ஆரணிக்கே திரும்பி வந்து சேர்ந்தார். களம்பூர் ரைஸ்மில்லில் வாட்ச்மேன் வேலை தயாராக இருந்தது. "நாட்டுக்குக் காவல் இருந்தவன் நெல்லு மூட்டைக்குக் காவல் இருக்கறதா? போங்கய்யா" என்று சொல்லிவிட்டு, சேவூர் போகிற வழியில் ஒரு சாயப்பட்டறையைக் குத்தகைக்கு எடுத்தார். தறியைக் கண்டு ஓடியவரைப் பட்டு நூல் விடவில்லை பாருங்கள்.

முதலாளி என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் இல்லை. பொழுது விடிவதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். செப்பு அண்டாவில் சாயத்தண்ணீர் கொதிக்கும். பசை போக அவித்த பட்டு நூலைக் கழியில் மாட்டி, அந்தக் கொதியில் தோய்த்துத் தோய்த்துத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அசந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். ஆள் யாராவது வராவிட்டால் அவன் கழியையும் நைனாவே வாங்கிக்கொள்வார். அவர் உடம்பு சரியில்லை என்று படுத்து நான் பார்த்ததே இல்லை. ராணுவத்தில் உடம்பு முடியவில்லை என்று டாக்டரிடம் போகிறவனை வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் என்று கேலி செய்வார்களாம். அந்தக் கேலிக்கு அவர் ஆரணியிலும் பயந்துகொண்டிருந்தார். தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வதும் அங்கே பழகியதுதான். அந்தப் பழக்கம் எங்களுக்கு எமனாக வந்தது.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் என் தாய்மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நைனாவிடம்தான் வேலை. பட்டறையில் இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படாது. நைனா கழியை நீட்டினால் இவர் கை அங்கே இருக்கும்.

சாயக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. சாயம் தோல் வழியாக உடம்பில் ஊறி, சிறுநீரில் இறங்கிவிடும் என்பார்கள். அரக்குச் சாயம் போட்ட வாரம் சிவப்பாகப் போனால், "சாயம் இறங்குதுடா, நல்லதுதான்" என்று தட்டிக்கொடுப்பார்கள். இதைச் சொல்லி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து சிரித்துக்கொள்வார்கள். பட்டறைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையே எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் ஓடும், அதில் யாருடையது எந்த நிறம் என்று யார் கண்டார்கள்? தண்ணீரில் புளிப்பு சேர்ந்திருக்கிறதா என்று நைனா அண்டாவில் விரலை நனைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். இவரும் அப்படியே செய்வார். குழம்புக்கு உப்பு பார்ப்பதைப் போல எனக்கு அது அப்போது வெகு சாதாரணமாகத் தெரிந்தது.

அந்த வாரம் மெட்ராஸ் கடை ஒன்றுக்கு முழுக்க முழுக்கக் கிளிப்பச்சை. நைனாவுக்குக் குளிர் காய்ச்சல் மாதிரி இருந்தது, வீட்டோடு இருந்தார். துவைக்கத் தெம்பில்லாததால் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டார். நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா துவைக்கிற கல்லில் அவருடைய வெள்ளை டிராயரை விரித்துவிட்டு முணுமுணுத்தாள்.

"எப்ப பாரு சாயத்த பூசிகினு வர்றது. இது எப்படிப் போவும்?"

நான் எட்டிப் பார்த்தேன். செம்புத்துண்டு நிறத்தில் கறை.

"ஏம்மா, இந்த வாரம் பூரா பச்சைதான போட்டுகினு இருக்காங்க?" என்றேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. உள்ளே நைனா டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அது சட்டென்று அணைந்தது. அவர் வாசற்படி வரை வந்து நின்றார்.

"எத்தினி நாளா நைனா இப்படி?"

"நாளா?" என்றார். "ரெண்டு பொங்கல் ஆவுது."

"அரக்கு போடாதப்பவுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பழைய சாயம் உள்ள தங்கிகினு இருக்குதுன்னு நெனச்சேன். வலி ஒண்ணும் இல்லியே தேவகி. வலி இருந்தா சொல்ல மாட்டனா?"

இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வலி இல்லை. கடைசி மாதங்கள் வரை இந்த நோய்க்கு வலியே இல்லை. நிறம் மட்டும்தான் அடையாளம், அந்த நிறத்தையும் எங்கள் தொழில் மறைத்துவிட்டது.

ஆரணி டாக்டர் கேட்டுவிட்டு, "வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் நைனா ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் யார் தன்னோடு ராணுவத்தில் சேர்ந்தவன் என்று கைகாட்டிக்கொண்டே வந்தார். நானும் அம்மாவும் ஊம் கொட்டினோம். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி என்பது காத்திருப்பதற்காகவே கட்டினது போலிருக்கிறது. ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு நகர வேண்டும். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பயம். முதல் பெஞ்சில் பேர் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். அடுத்ததில் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். நைனா எந்த பெஞ்சிலும் முதுகைச் சாய்க்கவில்லை. டாக்டர் வந்தால் விறைப்பாக எழுந்து நிற்பார். "உக்காருங்க பெரியவரே" என்றால் "பரவாயில்ல சார்" என்பார்.

சிறுநீர் பிடித்துவர நர்ஸம்மா ஒரு கண்ணாடி பாட்டில் கொடுத்தாள். நைனா அதைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெயில் அதன் வழியாக விழுந்தது. அன்றுதான் நாங்கள் மூன்று பேரும் அந்த நிறத்தைச் சாக்கடையும் துணியும் இல்லாமல் நேராகப் பார்த்தோம். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நைனா தலையைச் சாய்த்து, சாயக்காரன் நூலைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"அசல் அரக்கு," என்றார். "நம்ம பட்டறையில இவ்ளோ சுத்தமா ஒரு நாளும் விழுந்ததில்ல."

நான் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிஷமே கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

பிறகு குழாய்ப் பரிசோதனை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, நுனியில் விளக்குள்ள மெல்லிய குழாயை சிறுநீர் வருகிற வழியாகவே உள்ளே விட்டு, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். அங்கே சதை வளர்ந்திருந்தால் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு பயாப்சி என்று பேர். அது நல்ல சதையா கெட்ட சதையா என்று தெரியப் பல நாள் ஆகும். இவ்வளவையும் எனக்கு நர்ஸம்மா சொன்னாள். நைனாவிடம் கேட்டதற்கு "ஒண்ணியும் இல்ல, துப்பாக்கிக் குழல் தொடைக்கற மாதிரி" என்றார். ஆனால் வெளியே வந்தபோது அவர் கீழுதட்டில் பல் பதிந்திருந்தது.

முடிவு வரும்வரை காத்திருந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். கெட்டது வந்துவிட்டால்கூட அழலாம். வருவதற்கு முன்னால் என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அம்மாவுக்குக் கடைச் சோறு ஒத்துக்கொள்ளாது, நைனாவுக்கும் இறங்காது. ஆர்டரை முடித்தாக வேண்டும் என்று ஆரணியிலேயே நின்றுவிட்ட என் வீட்டுக்காரர், தானே சமைத்து, காலை பஸ் கண்டக்டரிடம் டிபன் கேரியரைக் கொடுத்தனுப்புவார். அடுப்பு முன்னால் நின்று பழகியவர்தான் என்றாலும் ரசத்துக்கும் சாயத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நைனா கிண்டல் செய்வார். செய்துகொண்டே சாப்பிடுவார். கேரியரைத் திருப்பி அனுப்பும்போது, நைனா சாப்பிட்டிருந்தால் அம்மா மேல்தட்டில் ஒரு வெற்றிலை வைப்பாள். சாப்பிடாத நாளில் வைக்க மாட்டாள். அங்கே ஆரணியில் இவர் கேரியரைத் திறந்ததும் முதலில் வெற்றிலையைத்தான் தேடுவாராம். செலவுக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்விட்டன. அது போனது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். புற்றுநோய். சிறுநீர்ப்பையின் உள்தோலில் ஆரம்பித்து, சுவரின் தசைக்குள் இறங்கிவிட்டது. தோலோடு இருந்தால் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம், இப்போது அது முடியாது. கதிர்வீச்சு கொடுக்கலாம்.

"என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"மிலிட்டரி சார்."

"அதுக்கப்பறம்?"

"சாயம் சார். பட்டு சாயம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சில சாயங்களில் உள்ள மருந்துகள் சிறுநீர்ப்பையில் இதைக் கொண்டுவரும் என்றார். பீடி பிடிப்பதும் கொண்டுவரும், நைனா இரண்டிலும் இருந்தவர், எது காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார்.

நைனா தன்னைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "இது ஒட்டிக்குமா சார்?" என்றார்.

"ஒட்டாது. ஆனா உங்களோட அதே தொட்டியில கை வச்சவங்க இருந்தா, அவங்களையும் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லுங்க."

நைனா மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அதுவரை எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. அந்தப் பார்வையில் அது இரண்டாகிவிட்டது.

கதிர்வீச்சு தொடங்க நாள் கொடுத்து, அதுவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கிளம்புவதற்கு முன் நைனா வார்டு ஆயாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, காலியான குளுகோஸ் பாட்டில்களை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாம் தெளிவான கண்ணாடி பாட்டில்கள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அம்மா கேட்டாள். அவர் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

மறுநாள் அமாவாசை. தறிக்கும் பட்டறைக்கும் விடுமுறை. எப்படியும் ஆர்டரை முடித்துக் கொடுத்த பிறகு பட்டறையில் அடுப்பே மூட்டவில்லை. யார் கையிலும் எந்தச் சாயமும் படாத நாட்கள் அவை. நைனா ஆளனுப்பி எல்லோரையும் பட்டறைக்கு வரச்சொன்னார். பெண்கள் வரக்கூடாது என்றார். நான் போனேன். வெளியே கதவருகில் நின்றுகொண்டேன்.

உள்ளே அவர் குரல் கேட்டது. உடம்பு இளைத்திருந்தது, குரல் இளைக்கவில்லை.

"லைன்ல நில்லுங்கடா. ஆளுக்கு ஒரு பாட்டிலு. பின்பக்கம் போய் புடிச்சிகினு வந்து மதில் மேல வையி. சலோ, ஜல்தி!"

எத்திராஜ் என்று ஒரு தொழிலாளி, எதற்கும் சிரிக்கிறவன். "இன்னா அவுல்தாரே, அமாவாசைல இப்படி ஒரு படையலா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பட்டாளத்தில் இப்படி வரிசையில் நிறுத்தி உடம்பு பார்ப்பது வழக்கமாம், அதில் வெட்கமெல்லாம் கிடையாதாம். மதிலின் மேல் ஒவ்வொரு பாட்டிலாக வைக்கிற சத்தம் கேட்டது. காலை வெயில் மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

நைனா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சாயம் போடாத நூலை நாங்கள் வெள்ளை என்போம். அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

"எத்திராஜ், வெள்ளை. போ."

"வெள்ளை. நீயும் போ."

"வெள்ளை."

பிறகு சத்தம் வரவில்லை. நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரை நைனா மாப்ளே என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தாலும் மாப்ளேதான்.

"தணிகாசலம்," என்றார். "ஒரு அடி முன்னால வா."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். யாரும் தடுக்கவில்லை. கடைசி பாட்டில் வெயிலில் நின்றது. அரக்கு இல்லை, அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரோஜாப்பூவை அலசின தண்ணீர் மாதிரி இருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சாயம் இறங்குது மாமா," என்று இவர் மெதுவாகச் சொன்னார்.

"இன்னா சாயம்டா? அடுப்பே எரியலியேடா," என்றார் நைனா. இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு வேலூர் பஸ்ஸில் நாங்கள் நான்கு பேர் போனோம். அதே பெஞ்சுகள், அதே குழாய், அதே காத்திருப்பு. இந்த முறை கேரியர் அனுப்ப ஊரில் ஆளில்லை என்று நினைத்தேன். எத்திராஜ் அனுப்பினான். அவன் பெண்சாதி வைத்த மீன்குழம்பை நைனா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாப்ளே, நீ வச்ச ரசத்துக்கு இது தேவலாம்" என்றார்.

இவருக்கும் அதே நோய்தான். ஆனால் தோலோடு நின்றிருந்தது. குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். திரும்பத் திரும்ப வரக்கூடியது, விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நைனா கதிர்வீச்சு அறையிலிருந்து வந்ததும், சிறுநீர் இறங்க விட்டிருந்த ரப்பர்க் குழாயையும் அதன் பாட்டிலையும் கையில் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து இவர் கட்டிலுக்கு வந்துவிடுவார். தன் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டு, இவருடையதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நாளுக்கு நாள் அது வெளிறிக்கொண்டு வந்தது. நைனாவுடையது வெளிறவில்லை.

ஆடி முடிவதற்குள் டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை என்பதை அவர்கள் எவ்வளவு நாசூக்காகச் சொன்னாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. வீட்டில் கூடத்தில் கட்டில் போட்டோம். தகரப் பெட்டியைத் தன் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொன்னார். வலி அப்போதுதான் வந்தது. வந்ததும் மொத்தமாக வந்தது. நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். அவர் மூச்சு கொஞ்சம் தாமதித்தால் என் மூச்சும் நின்றுவிடும்.

ஒரு மத்தியானம் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தவர் கேட்டார்.

"இன்னா கலரு?"

என் கையில் இருந்தது கருஞ்சிவப்பு. "வெள்ளை நைனா," என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் ஒரு பக்கம் கோணியது.

"சாயக்காரன்கிட்டயே கலர் சொல்றியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ளையோடது?" என்றார்.

"நெஜமாவே வெள்ளை நைனா. சத்தியமா."

"அது போதும்," என்றார்.

அடுத்த நாள் காலையில் போய்விட்டார். பட்டறை ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

மூன்று ஆடி போய்விட்டது. பட்டறையை இப்போது என் வீட்டுக்காரர் நடத்துகிறார். கையில் ரப்பர் உறை போடாமல் யாரையும் அண்டாவிடம் விடமாட்டார், நாக்கில் சொட்டு வைத்தால் அடிக்கவே போய்விடுவார். உறை போட்டால் நூலின் பதம் தெரியவில்லை என்று முணுமுணுக்கிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமாவாசைதோறும் மதில் மேல் பாட்டில்கள் ஏறுகின்றன. இவர் மட்டும் தன்னுடையதை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போவார். பின்கட்டிலிருந்து எனக்குக் கேட்கிற மாதிரி "வெள்ளை" என்று ஒரு குரல் கொடுப்பார். அது வரும்வரை நான் அடுப்படியில் எதையும் தாளிப்பதில்லை. எண்ணெய் காய்ந்து கருகினாலும் சரி.

இன்றைக்கும் அமாவாசை. இந்த வரியை எழுதும்போது பின்கட்டிலிருந்து அவர் குரல் வந்துவிட்டது. வெள்ளை என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார்.

ஆனால் கையில் கருஞ்சிவப்பை வைத்துக்கொண்டும் அந்த வார்த்தையை எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும். பேனாவை வைத்துவிட்டு, எழுந்துபோய் நானே பார்த்துவிட்டு வருகிறேன்.